விறகறைப் பெலத்தியா

எருசலேம் ஆலயத்தில் பெண்கள் முற்றத்தின் வடகிழக்கு மூலையில் கூரையில்லாத ஓர் அறை இருந்தது. பலிபீடத்துக்குப் போகிற விறகெல்லாம் முதலில் அங்கேதான் வந்து இறங்கும். ஆரோன் வம்சத்தில் பிறந்தும் உடலில் ஏதோ ஒரு குறை இருப்பதால் பீடத்தருகே போகக் கூடாத ஆசாரியர்கள் அங்கே உட்கார்ந்து ஒவ்வொரு கட்டையாகப் புரட்டிப் பார்ப்பார்கள். உளுத்த கட்டை பீடத்துக்கு ஆகாது. பெலத்தியா அந்த அறையில் இருபத்தைந்து வருடங்களுக்கு மேல் உட்கார்ந்திருந்தார்.

இடது காலை நீட்டி வைத்துக்கொண்டுதான் உட்காருவார். அது மடங்காது. பத்தொன்பது வயதில் ஒரு கோவேறு கழுதை உதைத்து முழங்கால் நொறுங்கிப் போயிற்று. இன்னும் ஒரு வருடம் பொறுத்திருந்தால் பீடத்தின் சாய்தளத்தில் ஏறியிருப்பார். ஆசாரியர்களைச் சோதிக்கும் மன்றத்தார் அவருடைய வம்சத்தைப் பார்த்தார்கள், குறையில்லை. காலைப் பார்த்தார்கள். விறகறைக்குப் போகச் சொன்னார்கள். பங்கு ரொட்டி உண்டு, வெள்ளை உடை உண்டு, பீடம் மட்டும் இல்லை. அதை அவர் ஒரு நாளும் குறையாகச் சொல்லிக் கேட்டவர்கள் இல்லை. சொல்லாததால் இல்லையென்று ஆகிவிடாது.

கட்டையின் இரண்டு முனைகளையும் முதலில் பார்ப்பார். பிறகு கைக்கோடரியின் பின்புறத்தால் ஒரு தட்டு தட்டிக் காதைக் கொடுப்பார். மாவு போல ஏதாவது உதிர்கிறதா என்று மடியைப் பார்ப்பார். கடைசியில் கட்டைவிரல் நகத்தைப் பட்டையின் மேல் ஓட்டுவார். காய்ந்த கட்டையில் ஒரே ஓர் ஓட்டைதான் என்றால், அந்த இடத்தை மட்டும் செதுக்கி எறிந்துவிட்டு மீதியை எடுத்துக்கொள்ளலாம் என்று ஒரு சலுகை உண்டு. மற்றவர்கள் செதுக்குவார்கள். பெலத்தியா செதுக்கியதில்லை. ஓட்டை என்றால் முழுக் கட்டையும் வெளியே.

எதிரில் உட்காரும் இம்மேருக்குப் பிறவியிலேயே ஒரு கண் இல்லை. வாய் மட்டும் இரண்டு பேருக்கு உண்டானது.

"யோவ், நீ கட்டையப் பாக்கறியா, கட்டையோட பாட்டனாரைப் பாக்கறியா?" என்பார்.

பெலத்தியா சிரிக்க மாட்டார். ஆனால் அது அவருக்குப் பிடித்திருந்தது. கட்டையோ மனிதனோ, பாட்டனைப் பார்க்காமல் எதையும் உள்ளே விடக் கூடாது என்றுதான் அவர் நினைத்தார். முன்னோர்கள் பாபிலோன் சிறையிருப்பிலிருந்து திரும்பி வந்த நாளில், பட்டியலில் பெயர் கிடைக்காத ஆசாரியக் குடும்பங்களைப் பீடத்தை விட்டு விலக்கினார்கள் என்று அவர் சின்ன வயதில் கேட்டிருந்தார். அவர்களும் அழுதுகொண்டேதான் வந்திருப்பார்கள், அவர்களும் அதே பாதையில்தான் நடந்திருப்பார்கள். ஆனாலும் விலக்கினார்கள். ராஜா போனான், நாடு கைமாறிப் போயிற்று, வீட்டில் பேசுகிற பாஷைகூட மாறிவிட்டது. நாம் இன்னும் நாமாக இருக்கிறோம் என்றால் யாரோ ஒருவர் வாசலில் நின்று கண்டிப்பாக இல்லை என்று சொன்னதால்தான் என்பது அவர் எண்ணம். அந்த எண்ணத்துக்கு அவர் விலை கொடுத்ததில்லை, அதுவரை.

அவருடைய மகன் யாகீனுக்கு அந்தக் கோடையில் இருபது நிறைந்தது. கூடாரப் பண்டிகைக்கு முன் அவன் வெட்டுக்கல் மண்டபத்தில் மன்றத்தார் முன்னால் நிற்க வேண்டும். குறையில்லை என்றால் வெள்ளை உடுத்தி உள்ளே போவான். வம்சத்தில் குறை கண்டால் கறுப்பு உடுத்திக் கறுப்பால் போர்த்திக்கொண்டு, ஒரு வார்த்தையும் பேசாமல் வெளியே போவான். உடலில் அவனுக்கு ஒரு கீறல்கூடக் கிடையாது. பெலத்தியா அவனை ஏழு வயது வரை கழுதை அருகே விட்டதில்லை. அம்மா அக்சாள் குளிர்காலம் முழுக்கச் சணல் நூற்று, ஒரே மூச்சில் நெய்த வெள்ளை அங்கியைப் பெட்டியில் மடித்து வைத்திருந்தாள். தான் ஏறாத சாய்தளத்தில் மகன் ஏறுவான். பெலத்தியாவுக்கு உலகத்தில் வேண்டியது அது ஒன்றுதான்.

கோடை முடிகிற எலூல் மாதக் கடைசியில் மில்காள் சாகக் கிடந்தாள்.

மில்காள் இன்னொரு ஆசாரியனின் விதவை. முன்பு பேத்தாமார் என்ற ஊரில் அவர்கள் பக்கத்து வீடு. பெலத்தியா அப்போது தன் முறை வரும்போது மட்டும் நகரத்துக்கு வந்து போவார். அப்படி அவர் நகரத்தில் இருந்த ஒரு வாரத்தில்தான் ரோமப் படை பேத்தாமாரை எரித்தது. பெண்களைப் பிடித்து மூன்று நாள் அடைத்து வைத்திருந்தார்கள். பிறகு படைக்கு வேறெங்கோ அவசரம் வந்து, அப்படியே விட்டுவிட்டுப் போனார்கள். அக்சாளுக்கு அப்போது பத்தொன்பது வயது. கல்யாணமாகி இரண்டு வருடம். அவள் வந்து சேர்ந்தபோது உள்ளங்கை இரண்டும் கொப்புளமாக இருந்தது. கயிற்றால் கட்டியிருப்பார்கள் என்று பெலத்தியா நினைத்துக்கொண்டார். எண்ணெய் தடவினார். எதுவும் கேட்கவில்லை.

மன்றம் கேட்டது. அந்நியப் படையின் கையில் இருந்துவிட்டு வந்த பெண்ணோடு ஆசாரியன் வாழக் கூடாது, வாழ்ந்தால் பிறக்கிற பிள்ளை ஆசாரியனாக முடியாது. எனக்கு ஒன்றும் நேரவில்லை என்று அவளே சொன்னால் எடுபடாது. புருஷன் சொன்னாலும் எடுபடாது. ஆனால் கூட அடைபட்ட இன்னொருத்தி, இவள் என் கண்ணை விட்டு அகலவில்லை என்று சொன்னால் போதும். அக்சாள் மில்காளுக்காகச் சொன்னாள். மில்காள் அக்சாளுக்காகச் சொன்னாள். இரண்டு பேரும் தத்தம் புருஷனிடம் திரும்பினார்கள். பெலத்தியா பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு நகரத்துக்கே குடிவந்துவிட்டார். அதற்கடுத்த வருடம் கழிந்து யாகீன் பிறந்தான்.

மில்காளுக்குப் பிள்ளை இல்லை. அவள் ஆளனுப்பியதும் பெலத்தியா மத்தியானப் பலி முடிந்து போனார். அறையில் அவள் மட்டும்தான் இருந்தாள். உடம்பு பாதியாகியிருந்தது.

"பாவநிவிர்த்தி நாள் வர்ற வரைக்கும் இருப்பனான்னு தெரியல. அதான் கூப்பிட்டேன்," என்றாள். "மன்றத்துல நான் பொய் சொன்னேன். ரெண்டாம் நாள் மத்தியானம் அஞ்சு பேரத் தனியாப் பிரிச்சாங்க. அக்சாளும் அதுல ஒருத்தி, மத்த நாலு பேரும் இப்ப உசுரோட இல்ல. மறுநாள்தான் கொண்டாந்து விட்டாங்க. நான் எண்ணெய்ச் செக்குக் கொட்டாயிலயே இருந்தேன். அவளப் பாக்கல."

பெலத்தியா நின்றுகொண்டே கேட்டார். உட்கார்ந்தால் எழுந்திருக்க நேரமாகும்.

"எதையாவது சொன்னாளா, அப்பறமா?"

"கேக்கல நான். யாரும் கேக்கலியே." சற்றுப் பொறுத்து, "மனசுல இருந்தத எறக்கிட்டேன். இனி நீங்க பாத்துக்கங்க," என்றாள்.

இறக்கியதை யார் தலையில் இறக்கினோம் என்று அவள் யோசித்தாளா தெரியாது. சாகிறவர்களுக்கு அந்த யோசனை இருக்காது. இரண்டு நாளில் இறந்துபோனாள்.

மில்காளின் வீட்டிலிருந்து நேரே வந்த பெலத்தியா, வீட்டில் அக்சாள் கதிரில் நூல் நூற்றுக்கொண்டிருப்பதைப் பார்த்தார். யாகீன் வெளியே போயிருந்தான். பயற்றங்கூழ் தட்டில் இருந்தது. அவர் அதைத் தொடவில்லை.

"மில்காள் சொன்னா. ரெண்டாம் நாள் நீ அவகூட இல்லையாமே."

அக்சாள் கதிரை நிறுத்தவில்லை. "இல்லதான்."

"எங்க இருந்த?"

"இருபத்திரண்டு வருஷம் கழிச்சுக் கேக்கறீங்க."

அவள் இப்போது நிமிர்ந்து பார்த்தாள்.

"நான் சொன்னா மன்றத்துல எடுபடாது. அது தெரியும். உங்ககிட்ட எடுபடுமா? எடுபடும்னு சொல்லுங்க, சொல்றேன்."

உடனே பதில் வந்திருக்க வேண்டும். பெலத்தியாவுக்கும் அது தெரிந்தது. ஆனால் அவர் கட்டையைத் தட்டிவிட்டுக் காதைக் கொடுக்கிற மனிதர். ஒரு சொல்லைச் சொல்வதற்கு முன் உள்ளே தட்டிப் பார்க்கிற பழக்கம். அவர் வாயைத் திறப்பதற்குள் அக்சாள் மறுபடி கதிரின் மேல் குனிந்துவிட்டாள்.

"சாப்பிடுங்க. ஆறிடும்," என்றாள்.

மில்காளைப் புதைத்த மறுநாள் விறகறையில் அவர் கட்டைகளை மிக மெதுவாகப் பார்த்தார். இம்மேர் பாதி நாள் பொறுத்துவிட்டு என்னவென்று கேட்டார். பெலத்தியாவுக்கு வேறு யாரிடமும் சொல்லிப் பழக்கமில்லை. பெயர்கள் இல்லாமல், யாரோ ஒரு ஆசாரியன், யாரோ ஒரு சாட்சி என்று சொன்னார். இம்மேருக்கு ஒரு கண்தான். ஆனால் அது நன்றாகப் பார்க்கும்.

"அந்த யாரோ ஒருத்தன் வாயப் பொத்திக்கிட்டு வீட்டுல இருக்கட்டும்," என்றார். "அவ தப்புப் பண்ணதா சாட்சி சொல்லிச்சா? இல்லல்ல. பாக்கலன்னுதான சொன்னா. பாக்காததுக்கெல்லாம் ஒரு குடும்பத்தப் பிரிக்கிறதா?"

"சட்டம் அப்படித்தான சொல்லுது. பாத்தவங்க இருந்தாத்தான் உண்டு."

"சட்டத்துக்குக் காது மந்தம். நீ சொன்னாத்தான அதுக்குக் கேக்கும்?"

இது பெலத்தியாவுக்கும் தோன்றாமல் இல்லை. வீட்டுக்கு வெளியே இது மில்காளுக்கு மட்டும்தான் தெரியும், மில்காள் மண்ணுக்குள் போய்விட்டாள். அக்சாள் மேல் அவருக்குச் சந்தேகம் இருந்ததா என்றால், அவர் அந்த இடத்தைத் தொட்டே பார்க்கவில்லை என்பதுதான் உண்மை. அவருடைய கணக்கில் அது கேள்வியே இல்லை. சாட்சி இருந்தது, இப்போது இல்லை. தன் கட்டை என்பதால் செதுக்கி எடுத்துக்கொள்ளலாமா? இவ்வளவு காலம் பிறருடைய காணிக்கைக் கட்டைகளை ஓர் ஓட்டைக்காக வெளியே எறிந்த கை, இன்று வேறு மாதிரி செய்யுமா? நேர்மை என்று சிலர் இதற்குப் பெயர் வைப்பார்கள். கொஞ்சம் கர்வமும் அதில் இருந்தது. மனிதர்கள் பெரிய காரியம் செய்யும்போது இரண்டையும் பிரித்தெடுப்பது கஷ்டம்.

யாகீன் மண்டபத்துக்குப் போன நாள் காலையில் அக்சாள் பெட்டியிலிருந்து அங்கியை எடுத்து உதறிக் கொடுத்தாள். பெலத்தியாவின் முகத்தைப் பார்த்தாள். அவர் தன் இடுப்புக் கச்சையைக் கட்டுவதில் மும்முரமாக இருந்தார்.

மண்டபத்தில் அன்று நாலு இளைஞர்கள். யாகீன் கடைசி. உடலைப் பார்த்தார்கள், விரல்கள், பற்கள், கண் இமை வரை. குறையில்லை. எழுத்தர் ஏட்டைப் பார்த்து அப்பா வழி, அம்மா வழி என்று படித்தார். படித்து முடித்ததும் மன்றத் தலைவர் வழக்கமான கேள்வியைக் கேட்டார். இந்தக் குடும்பத்தைப் பற்றி யாருக்காவது சொல்ல இருக்கிறதா? அந்தக் கேள்விக்கு யாரும் பதில் சொல்வதில்லை. பணியாள் ஏற்கனவே வெள்ளை அங்கியைக் கையில் எடுத்துவிட்டான்.

பெலத்தியா எழுந்தார். கால் காரணமாக எழுந்து நிற்கவே சற்று நேரமாயிற்று. எல்லோரும் காத்திருந்தார்கள். ஒரு மகிழ்ச்சியான தகப்பன் ஏதோ நன்றி சொல்லப்போகிறான் என்று நினைத்திருப்பார்கள்.

அவர் மில்காள் சொன்னதை அப்படியே சொன்னார். ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

தலைவர் கெட்டவர் அல்ல. நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "பெலத்தியா, யோசிச்சுப் பேசுங்க. செத்துப்போனவ சொன்னதச் சொல்றீங்க. வேற யாராவது கேட்டாங்களா?"

"இல்ல."

"அப்ப நீங்க சொல்லலன்னா இது இல்லவே இல்லன்னு ஆகும். புரியுதா?"

"நான் கேட்டுட்டேனே," என்றார் பெலத்தியா.

மகனுக்குச் சாதகமாகத் தகப்பன் சொன்னால் மன்றம் காதில் போட்டுக்கொள்ளாது. பாதகமாகச் சொன்னால் அதற்கு வேறு சாட்சி தேவையில்லை. பணியாள் வெள்ளை அங்கியை மடித்து வைத்துவிட்டுக் கறுப்பை எடுத்துக்கொண்டு வந்தான். யாகீன் அதை உடுத்தப் பணியாளே உதவ வேண்டியிருந்தது. போர்த்திக்கொண்டு அவன் அப்பாவைக் கடந்து போனான். கறுப்பு உடுத்தியவன் பேசாமல் போக வேண்டும் என்பது முறை. அவன் முறையை மீறவில்லை.

அதற்குப் பிறகு நடந்தவை சட்டப்படி ஒன்றன்பின் ஒன்றாக நடந்தன. ஆசாரியனாக இல்லாமலிருந்தால் பெலத்தியா அக்சாளை வைத்துக்கொண்டிருக்கலாம். அந்தச் சட்டம் மற்றவர்களுக்கு இல்லை. அவளை விலக்கும் தள்ளுதற்சீட்டு எழுதியாயிற்று. இரண்டு சாட்சிகள் வாசலில் நிற்க, அவர் அதை அவள் கையில் கொடுத்தார். வாங்கிய கையை அவள் மூடவில்லை. சீட்டை இடுப்பில் செருகிக்கொண்டு, இரண்டு உள்ளங்கைகளையும் அவர் முன்னால் விரித்தாள்.

"இதுல கொப்புளம் இருந்துச்சு. நீங்கதான் எண்ணெ தடவினீங்க. ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"படைக்கு ரொட்டி சுட மாவு பத்தல. அஞ்சு பேரயும் எந்திரக்கல்லுல ஒக்கார வச்சாங்க. ரெண்டாம் நாள் மத்தியானத்துலருந்து மறுநாள் மத்தியானம் வரைக்கும் அரைச்சோம். நிறுத்தினா அடி. அவ்வளவுதான் நடந்தது." கைகளை மடக்கிக்கொண்டாள். "இப்ப சொல்லிட்டேன். உங்களுக்கு ஏதாவது உபயோகம் இருந்தா வச்சுக்கங்க."

சாட்சிகளில் ஒருவர் இருமினார். அக்சாள் மூட்டையைத் தூக்கிக்கொண்டு போனாள். அங்கியைப் பெலத்தியாவின் படுக்கையின் மேல் மடித்து வைத்துவிட்டுப் போயிருந்தாள். அது யாருக்கும் அளவில்லை. அவர் அதை எடுத்துப் பெட்டியில் வைக்கவில்லை. தரையில் படுத்துக்கொள்ளத் தொடங்கினார்.

ஆலயத்தில் அவரை மெச்சினார்கள். முன்பு பேசாத பெரிய குடும்பத்து ஆசாரியர்கள் விறகறை வாசலில் நின்று, உன்னைப் போல நாலு பேர் இருப்பதால்தான் இஸ்ரவேல் இஸ்ரவேலாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அவர்களில் யாரும் தம் வீட்டு ஏட்டைத் திரும்பப் புரட்டிப் பார்த்ததாகத் தெரியவில்லை. பங்கு பிரிக்கிறவன் அவருக்கு மட்டும் நல்ல ரொட்டியாகப் பார்த்துக் கொடுத்தான். அந்தப் பரிசுத்த ரொட்டியை ஆசாரியரும் அவர்கள் வீட்டாரும் மட்டுமே சாப்பிடலாம். வீட்டார் என்று இப்போது யாரும் இல்லாததால் அவர் பாதியைத்தான் தின்ன முடிந்தது.

இம்மேர் மட்டும் மெச்சவில்லை. கேலி பேசுவதையும் நிறுத்திவிட்டார். ஒரே ஒரு நாள், கையில் இருந்த கட்டையைப் பார்த்தபடி, "ஒரு ஓட்டைதான. செதுக்கி எறிஞ்சிருக்கலாம்ல, பெலத்தியா," என்றார். அது அந்தக் கட்டையைப் பற்றியதாகவும் இருக்கலாம். பெலத்தியா அடுத்த கட்டையை எடுத்துத் தட்டினார்.

யாகீனுக்கு நகரத்தின் வடக்கே ஒரு ரொட்டிக்கடையில் வேலை கிடைத்தது. கடைக்கு மேலே இருந்த சிறிய அறையில் அவனும் அம்மாவும் இருந்தார்கள். விறகறையில் கழித்துப்போட்ட கட்டைகளை நகரத்தார் அடுப்புக்கு எடுத்துப் போவது வழக்கம். பீடத்துக்கு ஆகாதே தவிர அதுவும் எரியும், ரொட்டியும் வேகும். எனவே மழைக்காலம் தொடங்கிய பிறகு, வாரத்துக்கு ஒரு முறை யாகீன் கழுதையை ஓட்டிக்கொண்டு வடக்கு வாசலுக்கு வந்தான். கட்டைகளைச் சுமந்து கொண்டுபோய்க் கொடுப்பது பெலத்தியாவின் வேலை அல்ல. ஆனாலும் நொண்டிக்கொண்டே அவரே கொண்டுபோய்க் கொடுத்தார். இருவரும் விறகைப் பற்றி மட்டும் பேசினார்கள். இது அத்தி, இது வாதுமை. இது ஈரம், காய வை. அவன் அவரை எதுவும் சொல்லி அழைக்கவில்லை. அப்பா என்றும் இல்லை, ஐயா என்றும் இல்லை. கழுதையைப் பார்த்தே பேசினான்.

கடுங்குளிர் மாதமான தேபேத்தில் அந்த வருடம் பனி விழுந்தது. ஒலிவமலையே வெளுத்துக் கிடந்தது. அம்மாவுக்கு மார்ச்சளி, கடை அடுப்பின் சூடு மாடிக்கு ஏறுவதில்லை என்று யாகீன் போகிற போக்கில் சொன்னான், அவரிடம் சொல்வதற்காக அல்ல, ஏன் தாமதம் என்பதற்காக. பெலத்தியா கேட்டுக்கொண்டார்.

அடுத்த வாரம் கழித்த கட்டைகள் குறைவாக இருந்தன. இருந்ததும் உளுத்து உதிர்ந்தது. ஒரு மணி நேரத்துக்குத் தாங்காது. சுத்தமான கட்டைகளின் குவியலில் ஒரு வாதுமைக் கட்டை இருந்தது. தொடையளவு பருமன், நன்றாகக் காய்ந்தது, ஒரு ராத்திரி முழுக்க எரியக்கூடியது. அவரே காலையில் தட்டிப் பார்த்து வைத்தது. பெலத்தியா அதை எடுத்துக் கழித்த கட்டைகளோடு சேர்த்துக் கட்டினார். வாழ்நாளில் அவர் ஆலயத்துக்குரிய ஒரு சிராயைக்கூட வெளியே கொண்டுபோனதில்லை. இம்மேர் தன் ஒற்றைக் கண்ணைச் சட்டென்று வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

வாசலில் யாகீன் கட்டுகளை வாங்கிக் கழுதையின் மேல் ஏற்றினான். மூன்றாவது கட்டு கைக்கு வந்தபோது எடை வேறாக இருந்திருக்க வேண்டும். கீழே வைத்து, கயிற்றைத் தளர்த்தி, அந்த வாதுமைக் கட்டையை உருவினான். முனைகளைப் பார்த்தான். விரல் முட்டியால் தட்டிக் காதைக் கொடுத்தான். நகத்தை ஓட்டினான். அவன் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அவர் மடியில் உட்காரவைத்துக் கற்றுக்கொடுத்தது.

"இது உளுக்கல," என்றான்.

"அம்மாவுக்கு," என்றார் பெலத்தியா. "குளுருக்கு. எடுத்துட்டுப் போ."

யாகீன் முதல் முறையாக அவர் முகத்தைப் பார்த்தான். கோபம் இருந்திருந்தால் அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"இது நல்ல கட்டை. உள்ள போக வேண்டியது," என்றான். அதை அவருடைய நல்ல காலுக்கு அருகில், வாசற்படியின் மேல் மெதுவாக வைத்தான். கயிற்றை இறுக்கினான். கழுதையைத் தட்டினான். பனியில் அதன் குளம்பு வழுக்காமலிருக்க ஒரு கையால் பிடித்துக்கொண்டே நடந்து போனான்.

பெலத்தியா அவன் திரும்பிப் பார்ப்பான் என்று நின்றார், அவன் திரும்பவில்லை. பிறகு கட்டையைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு விறகறைக்கு வந்தார். தன் இடத்தில் காலை நீட்டி உட்கார்ந்தார். கைக்கோடரியின் பின்புறத்தால் தட்டினார். மடியைப் பார்த்தார். இன்னொரு முறை, பலமாகத் தட்டினார். மாவு எதுவும் உதிரவில்லை.

இம்மேர் கையை நீட்டினார். "கொண்டா. எங்க வைக்கட்டும்?"

"பீடத்துக்கு," என்றார் பெலத்தியா.